அத்தியாயம் 7: ரீஸ்டார்ட்டுக்கு முன்னால் — கடலோர ஊரில் டிஎன்எஸ் சர்வரைப் பேணுதல்

“சார், நெட் வரலை.” கல்லூரி ஆய்வகத்திலிருந்தோ விடுதியின் வரவேற்பு மேசையிலிருந்தோ இந்தக் குரல் வந்ததும் பலரும் முதலில் செய்வது டிஎன்எஸ் சர்வரை ரீஸ்டார்ட் செய்வதுதான். சில நேரம் சரியாகியும் விடுகிறது. அதனாலேயே அந்தப் பழக்கம் வேரூன்றிவிட்டது. திருச்செந்தூர் மாதிரியான ஊரில் அது கெடுதலான பழக்கம். ரீஸ்டார்ட் செய்த கணத்தில் இரண்டு பொருள்களை இழக்கிறோம். என்ன பிழை என்பதற்கான தடயம் ஒன்று. சர்வர் நாள் முழுக்கச் சேர்த்து வைத்திருந்த கேஷ் மற்றொன்று. வெளி இணைப்பு தள்ளாடிக்கொண்டிருக்கும் வேளையில் அந்தக் கேஷை வைத்துத்தான் பாதி அலுவலகம் ஓடிக்கொண்டிருக்கும். அதை நம் கையாலேயே துடைத்துவிட்டால் மீதியும் நின்றுபோகும்.

இந்த அத்தியாயம் சொந்த டிஎன்எஸ் சர்வர் நடத்துவோருக்கானது: கல்லூரிகள், விடுதிகள், மருத்துவமனைகள், தூத்துக்குடித் துறைமுகத்தோடு தொழில் நடத்தும் ஏஜென்சி அலுவலகங்கள். உபுண்டு அல்லது டெபியன் கணினியில் ஓடும் பைண்ட் 9 மென்பொருளை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். அன்பவுண்ட், நாட், பவர்டிஎன்எஸ் எதை வைத்திருந்தாலும் சிந்திக்கும் முறை ஒன்றுதான். கட்டளைகளை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும்.

எந்த வேலை நின்றது?

டிஎன்எஸ் சர்வர் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேலைகள் நடக்கின்றன. உங்கள் கட்டடத்தில் இருப்பவர்கள் கேட்கும் பெயர்களுக்கெல்லாம் உலகம் சுற்றி விடை தேடித் தருவது முதல் வேலை. அதைச் செய்வது ரிசால்வர். உங்கள் சொந்தப் பெயருக்கு உலகம் கேட்கும் கேள்விகளுக்கு அதிகாரத்தோடு விடை சொல்வது இரண்டாவது வேலை. அதைச் செய்வது அதாரிட்டேட்டிவ் சர்வர். பைண்ட் இரண்டையும் ஒரே கணினியில் செய்யும். செய்ய விடாதீர்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால், ஒன்றில் வரும் கோளாறு மற்றதன் முகத்தில் தெரியும். தேடுபவருக்கு நேரம் வீணாகும்.

நம் ஊர்க் கோயிலின் இணையப் பெயரையே பாருங்கள்: திருச்செந்தூர்முருகன்.எச்ஆர்சிஇ.டிஎன்.கவ்.இன். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். ரிசால்வர் முதலில் வேர்ச் சர்வர்களில் ஒன்றைக் கேட்கிறது. ஏ முதல் எம் வரை 13 பெயர்களில் இருக்கும் அவை, உலகில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் பிரதிகளாக ஓடுகின்றன. வேர்ச் சர்வர் ‘இன்’ சர்வர்களைக் காட்டுகிறது. ‘இன்’ பதிவகத்தை 2005 முதல் நடத்துவது நிக்ஸி. அங்கிருந்து ‘கவ்.இன்’, அந்தப் பெயர்களைப் பதிவது தேசியத் தகவலியல் மையமான என்ஐசி. அதற்கு இடப்பக்கம் உள்ள ஒவ்வொரு புள்ளியிலும் பொறுப்பு வேறு கைக்கு மாறலாம். எல்லாப் புள்ளியிலும் மாறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பொறுப்பு எங்கே கைமாறுகிறது என்று தெரிந்தால், விடை எங்கே நின்றது என்பதும் தெரிந்துவிடும். ‘டிக் +ட்ரேஸ்’ கட்டளை இந்த வழியை ஒவ்வொரு படியாக அச்சிட்டுக் காட்டும். கோளாறு இல்லாத ஒரு நல்ல நாளில் உங்கள் பெயருக்கும், நீங்கள் தினமும் நம்பியிருக்கும் நான்கைந்து பெயர்களுக்கும் இதை ஓட்டித் தாளில் அச்சிட்டுக் கோப்பில் வையுங்கள். கோளாறு வரும் நாளில் ஒப்பிட அது வேண்டும்.

பதிலைப் படியுங்கள்

ஏற்கெனவே தொடர்பில் இருக்கும் செயலிகள் ஓடிக்கொண்டிருக்கும். புதிதாகத் திறக்கும் தளம் மட்டும் வராது. டிஎன்எஸ் கோளாறின் வழக்கமான முகம் இது. முதலில் 8.8.8.8 போன்ற எண் முகவரிக்கு பிங் போகிறதா பாருங்கள். போகவில்லை என்றால் இந்த அத்தியாயத்தை மூடிவிட்டு இணைப்பைப் பாருங்கள். போகிறது, பெயர்தான் வரவில்லை என்றால் டிக் கட்டளைக்கு வாருங்கள்.

‘டிக் @127.0.0.1’ என்று உங்கள் சர்வரின் முகவரியைச் சேர்த்தே அடியுங்கள். @ இல்லாமல் அடித்தால் உபுண்டுவில் கேள்வி வழக்கமாக 127.0.0.53 முகவரிக்குப் போகும். அங்கே உட்கார்ந்திருப்பது சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்ற வேறொரு நிரல். உங்கள் பைண்ட்டைச் சோதிப்பதாக நினைத்துக்கொண்டு அதைச் சோதித்து ஒரு முழு மாலையைத் தொலைப்பவர்கள் உண்டு.

வந்த பதிலின் தலைப்பகுதியில் ‘ஸ்டேட்டஸ்’ என்ற சொல்லுக்கு அடுத்திருப்பதைப் படியுங்கள். நோயின் பெயர் அங்கேதான் எழுதியிருக்கிறது.

என்எக்ஸ்டொமைன் என்றால் சர்வர் நலமாக இருக்கிறது. அப்படி ஒரு பெயரே இல்லை என்று மேலிடத்திலிருந்து உறுதியான விடை வந்திருக்கிறது. எழுத்துப் பிழையையோ ஜோன் கோப்பையோ பாருங்கள், சர்வரைத் தொடாதீர்கள். ரெஃபியூஸ்டு என்றால் கேட்டவரை சர்வர் தன் ஆளாக ஏற்கவில்லை. புதிதாக ஒரு வைஃபை வலை சேர்த்துவிட்டு, அதன் முகவரி வரிசையை ‘அலவ்-ரிகர்ஷன்’ பட்டியலில் எழுத மறந்திருப்பீர்கள். அந்தப் பட்டியலை ‘எனி’ என்று திறந்துவிட்டால் கோளாறு உடனே தீரும். கூடவே உங்கள் சர்வர் உலகுக்கெல்லாம் விடை சொல்லத் தொடங்கி, யாரோ ஒருவரைத் தாக்கும் கும்பலுக்கு ஆயுதமாகிவிடும். ஒருநாளும் செய்யாதீர்கள். நோஎரர் வந்தும் விடைப்பகுதி காலியாக இருந்தால், பெயர் இருக்கிறது, நீங்கள் கேட்ட வகைப் பதிவு இல்லை என்று பொருள்.

செர்வ்ஃபெயில்தான் உண்மையில் துப்பறிய வேண்டிய விடை. “முயன்றேன், முடியவில்லை” என்று மட்டும் சொல்கிறது; காரணம் பல. இங்கே உதவும் ஒரே கேள்வி இது: அதே கட்டளையில் ‘+சிடி’ சேர்த்தால் விடை வருகிறதா? அது கையொப்பச் சரிபார்ப்பை நிறுத்திவைத்துக் கேட்கும் வழி. சேர்த்தால் வருகிறது, சேர்க்காவிட்டால் இல்லை என்றால் கோளாறு டிஎன்எஸ்செக் சரிபார்ப்பில். அதில் முதல் சந்தேகம் கடிகாரத்தின் மேல் விழ வேண்டும். சேர்த்தும் வரவில்லை என்றால், அந்தப் பெயருக்கு உரிய சர்வரை உங்களால் எட்ட முடியவில்லை. அதன் முகவரியை ட்ரேஸில் பார்த்து ‘+நோரெக்’ போட்டு நேரடியாகக் கேளுங்கள். கொடிகள் வரிசையில் ‘ஏஏ’ தெரிந்தால் விடை அதிகாரபூர்வமானது. ‘+டிசிபி’ சேர்த்தும் ஒருமுறை கேளுங்கள். 53-ஆம் போர்ட்டில் யுடிபி-யை மட்டும் திறந்துவிட்டு டிசிபி-யை மூடிவைக்கும் ஃபயர்வால்கள் இன்னும் ஏராளம். சிறிய விடைகள் வரும். பெரிய விடைகளும் ஜோன் மாற்றமும் நிற்கும். 1987-இல் வகுத்த விதிகளில் யுடிபி விடைக்கு 512 பைட் எல்லை. இன்று பைண்ட் இயல்பாக வைத்திருக்கும் அளவு 1232. அதைத் தாண்டினால் டிசிபி தேவை.

விடையே வராமல் நேரம் கடந்துபோனால், ரீஸ்டார்ட்டை நோக்கிக் கை போகும் அந்த நிமிடத்தில் மூன்று கட்டளைகள் அடியுங்கள். ‘ஆர்என்டிசி ஸ்டேட்டஸ்’ அடித்தால் ‘ரிகர்சிவ் கிளையன்ட்ஸ்’ என்ற வரி வரும். இயல்பான எல்லை 1000. அதன் முதல் எண் 900-ஐ நெருங்கியிருந்தால், வெளியே போன கேள்விகள் விடையின்றித் தேங்கி நிற்கின்றன. வெளி இணைப்புதான் நோயாளி. ‘ஆர்என்டிசி ரிகர்சிங்’ தேங்கி நிற்கும் கேள்விகளைக் கோப்பில் கொட்டும். ‘ஆர்என்டிசி டம்ப்டிபி -கேஷ்’ கேஷைக் கோப்பில் எழுதிவைக்கும். இந்த மூன்றும் கையில் இருந்தால் பிறகு ரீஸ்டார்ட் செய்தாலும் தடயம் அழியாது. ஒரே ஒரு பெயர் மட்டும் பழைய முகவரியைக் காட்டுகிறதென்றால் ரீஸ்டார்ட்டுக்கு வேலையே இல்லை. ‘ஆர்என்டிசி ஃப்ளஷ்நேம்’ அந்த ஒரு பெயரை மட்டும் துடைக்கும்.

கடிகாரம்

மின்சாரம் போய் வந்தபின் எல்லாப் பெயரும் செர்வ்ஃபெயில் ஆனால், லாகைத் திறக்கும் முன் ‘டைம்டேட்சிடிஎல்’ அடித்துத் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் நாணயம் அளவில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தால், யுபிஎஸ்ஸும் கைவிட்ட இரவுக்குப் பிறகு கணினி பல ஆண்டுகள் பின்னால் போய் எழும். ஒவ்வொரு டிஎன்எஸ்செக் கையொப்பத்துக்கும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி உண்டு. பழைய தேதியில் வாழும் சர்வரின் கண்ணுக்கு உலகின் எல்லாக் கையொப்பமும் இன்னும் பிறக்காதவை. அதனால் எல்லாவற்றையும் நிராகரிக்கும்.

இதில் ஒரு சுழல் இருக்கிறது. நேரத்தைத் திருத்த என்டிபி சர்வரை எட்ட வேண்டும். அதன் பெயரைத் தீர்க்க டிஎன்எஸ் வேண்டும். டிஎன்எஸ் வேலை செய்ய நேரம் சரியாக இருக்க வேண்டும். தானாக இது அவிழாது. எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் அவிழாது. மருந்து எளியது: க்ரோனி அமைப்புக் கோப்பில் பெயர்களோடு குறைந்தது ஒரு என்டிபி சர்வரை எண் முகவரியாக எழுதிவையுங்கள். ஊருக்குள் இருக்கும் ரூட்டரே நேரம் தந்தால் இன்னும் நல்லது. ராஸ்பெரி பையில் டிஎன்எஸ் ஓட்டும் சிறு விடுதிகள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பழைய மாடல்களில் கடிகாரச் சில்லே கிடையாது. ஐந்தாம் மாடலில் சில்லு உண்டு, பேட்டரியைத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும்.

நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதிலும் விதி இருக்கிறது. 2022 ஏப்ரல் 28-இல் செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, என்ஐசி அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு, அல்லது அவற்றோடு ஒத்துப்போகும் சர்வரோடு கணினிகளை இணைக்கச் சொல்கிறது. என்ஐசி-யின் சர்வர்கள் சமய்1.நிக்.இன், சமய்2.நிக்.இன்.

கடிகாரம் பிசகினால் இன்னொன்றும் நிற்கும். முதன்மைச் சர்வருக்கும் துணைச் சர்வருக்கும் இடையில் டிசிக் சாவி வைத்திருந்தால், இரண்டின் நேரமும் இயல்பாக 300 விநாடிக்குள் ஒத்திருக்க வேண்டும். ஆறு நிமிடம் பிசகினால் ஜோன் மாற்றம் மறுக்கப்படும். உங்கள் பயனர்கள் யாரும் உடனே உணர மாட்டார்கள் என்பதுதான் இதில் ஆபத்து.

சாவி பற்றிய பேச்சோடு இதையும் சொல்லிவிடுகிறேன். வேர் மண்டலத்தின் தலைமைச் சாவி முதன்முறையாக 2018 அக்டோபர் 11-இல் மாற்றப்பட்டது. அடுத்த சாவி 2025 ஜனவரியில் வேர் மண்டலத்தில் வெளியிடப்பட்டது. 2026 அக்டோபர் 11-இல் அது கையொப்பமிடத் தொடங்கும் என்பது ஐகான் அறிவித்த திட்டம். தொடர்ந்து ஓடும் பைண்ட் இதைத் தானாகக் கற்றுக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் தொடப்படாமல், சாவியைக் கையால் எழுதிவைத்த பழைய அமைப்போடு ஓடும் சர்வர் கற்காது. ‘ஆர்என்டிசி மேனேஜ்டு-கீஸ் ஸ்டேட்டஸ்’ அடித்தால் 20326, 38696 என்ற இரண்டு எண்களும் தெரிய வேண்டும். பின்னது புதிய சாவி.

மின்சாரம் வந்த பிறகு

சட்டென்று அணைந்து எழுந்த சர்வரில் பார்க்க வேண்டியவை சில. லாகில் ‘ஜர்னல் ரோல்ஃபார்வர்டு ஃபெயில்டு’ என்று இருந்தால் ஜோன் கோப்பும் அதன் ஜேஎன்எல் கோப்பும் முரண்பட்டுவிட்டன. ஜேஎன்எல்லை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு மறுபடி ஏற்றுங்கள். துணைச் சர்வரில் ஜோன் எழுதப்படவில்லை என்றால் அந்தக் கோப்பு எந்த அடைவில் இருக்கிறது என்று பாருங்கள். உபுண்டுவின் ஆப்ஆர்மர் பாதுகாப்பு ‘இடிசி/பைண்ட்’ அடைவில் பைண்ட்டை எழுத விடாது. ‘வார்/லிப்/பைண்ட்’, ‘வார்/கேஷ்/பைண்ட்’ இரண்டிலும்தான் விடும். டிஸ்க் நிரம்பியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை. சோதனைக்காகத் திறந்துவிட்டு மூட மறந்த கேள்வி லாக் மாதக்கணக்கில் வளர்ந்து டிஸ்க்கை அடைத்திருக்கும்.

உப்புக்காற்றை மென்பொருள் புத்தகத்தில் யாரும் எழுதுவதில்லை. கடலைப் பார்த்த அறையில் வைத்த சுவிட்சின் போர்ட்டுகளும் ஆர்ஜே45 முனைகளும் மெல்ல அரிக்கும். இணைப்பு அறுந்துவிடாது, பாக்கெட்டுகள் மட்டும் அங்கங்கே விழும். யுடிபி-யில் ஓடும் டிஎன்எஸ்ஸுக்கு இந்த வலி முதலில் தெரியும்: கேஷில் இருக்கும் பெயர் உடனே வரும், புதிய பெயர் ஒருமுறை வரும், ஒருமுறை ஐந்து விநாடி தவிக்கும். ‘ஐபி -எஸ் லிங்க்’ அடித்து எரர் எண்ணிக்கை ஏறுகிறதா பாருங்கள். ஏறினால் அமைப்புக் கோப்பைத் திருத்தாதீர்கள், கேபிளை மாற்றுங்கள். சர்வர் அறையைக் கட்டடத்தின் மேற்குப் பக்கம் அமையுங்கள்.

2023 டிசம்பர்

2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர் மழை பதிவானது. தாமிரபரணி கரை புரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. பல ஊர்களில் மின்சாரமும் கைபேசித் தொடர்பும் நாள்கணக்கில் இல்லை. இந்தக் கரையில் டிஎன்எஸ் நடத்தும் ஒவ்வொருவரும் தன் அமைப்பை அந்த வாரத்தின் முன் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

உங்கள் அதாரிட்டேட்டிவ் சர்வர்கள் இரண்டும் ஒரே ரேக்கில் இருந்தால் பேசுவதற்கு ஒன்றுமில்லை. 2001 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே இதே பாடத்தைப் படித்தது. அதன் டிஎன்எஸ் சர்வர்கள் எல்லாம் ஒரே வலைத்துண்டில் இருந்தன. ஒரு ரூட்டரில் செய்த தவறான மாற்றத்தால் அதன் தளங்கள் ஏறத்தாழ ஒரு நாள் முழுக்க மறைந்தன. துணைச் சர்வரை இடத்தாலும் வலையாலும் விலக்கி வையுங்கள் என்று 1997-இலேயே ஆர்எஃப்சி 2182 எழுதிவைத்திருந்தது.

அப்படியானால் துணைச் சர்வரைச் சென்னையில் வைத்தால் போதுமா? அதே 2023 டிசம்பரின் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. இரண்டு வாரம் கழித்து நம் மாவட்டம். இரண்டும் வங்கக் கடலோடு தொடர்புடைய ஒரே பருவத்தின் இரு நிகழ்வுகள். சென்னையில் ஒன்று இருக்கட்டும், மும்பையிலோ ஐதராபாதிலோ இன்னொன்று இருக்கட்டும் என்பது என் முடிவு. சிறிய ஜோனுக்கு மிகச் சிறிய வாடகைக் கணினி போதும்.

இனி அதிகம் பேர் கவனிக்காத இடத்துக்கு வருகிறேன். வெளியூரில் துணைச் சர்வர் இருந்தும், வெள்ளத்தின் இரண்டாம் நாளே உங்கள் பெயர் உலகத்திலிருந்து மறையலாம். காரணம் எஸ்ஓஏ பதிவில் இருக்கும் எக்ஸ்பயர் என்ற எண். முதன்மைச் சர்வரை எட்ட முடியாத நிலையில் துணைச் சர்வர் தன்னிடமுள்ள நகலை எவ்வளவு காலம் நம்பலாம் என்று சொல்வது அது. யாரோ ஒருவர் 86400 என்று, அதாவது ஒரு நாள் என்று எழுதிவைத்திருந்தால், திருச்செந்தூர் இருண்டு ஒரு நாள் கழிந்ததும் மும்பையில் நலமாக ஓடும் சர்வரும் செர்வ்ஃபெயில் சொல்லும். 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1912 பரிந்துரைப்பது இரண்டு முதல் நான்கு வாரம்: 1209600 முதல் 2419200 விநாடி வரை. பெரிய எண்ணையே எழுதுங்கள்.

ஜோனுக்கு டிஎன்எஸ்செக் கையொப்பமும் இட்டிருந்தால் எக்ஸ்பயரை நான்கு வாரமாக்கியதோடு வேலை முடியவில்லை. பைண்ட்டின் இயல்பான கொள்கைப்படி ஒரு கையொப்பம் 14 நாள் செல்லும். முடிவுக்கு 5 நாள் இருக்கையில் புதுப்பிக்கப்படும். புதுப்பிக்கும் சர்வர் திருச்செந்தூரில் நீரில் நிற்கிறது. வெள்ளம் வந்த அன்று சில கையொப்பங்களுக்கு 5 நாள் ஆயுள்தான் எஞ்சியிருக்கலாம். ஆறாம் நாள் துணைச் சர்வர் விடை சொல்லும், சரிபார்க்கும் ரிசால்வர்கள் அதை ஏற்காது. கொள்கையில் செல்லுபடிக் காலத்தை 30 நாளாகவும் புதுப்பிக்கும் எல்லையை 15 நாளாகவும் உயர்த்தினால், எந்த நாளில் மழை வந்தாலும் ஏறத்தாழ இரண்டு வார அவகாசம் கையில் இருக்கும். இதைவிட நல்லது, கையொப்பமிடும் முதன்மைச் சர்வரையே ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு, திருச்செந்தூரில் ஒரு நகலை மட்டும் வைப்பது. வாய்ப்பு இருப்பவர்கள் இதைச் செய்யுங்கள்.

டொமைன் பதிவாளரின் தளத்தில் நுழைய ஒடிபி யாருடைய கைபேசிக்கு வருகிறது? டவர் விழுந்த ஊரில் அந்தக் கைபேசியும் ஊமை. வெளியூரில் இருக்கும் நம்பகமான ஒருவருக்கு இரண்டாவது நுழைவு உரிமை கொடுத்துவையுங்கள். சர்வர்களின் முகவரிகள், பதிவாளரின் பெயர், அவசரத் தொடர்புகள் ஆகியவற்றைத் தாளில் எழுதி இரண்டு வீடுகளில் வையுங்கள்.

ஜோன் கோப்பில் நம் கை

ஜோனைத் திருத்திய ஒவ்வொரு முறையும் ‘நேம்ட்-செக்ஜோன்’ ஓட்டி, பிறகே ‘ஆர்என்டிசி ரீலோட்’ கொடுங்கள். வழக்கமான பிழைகள் இரண்டு. பெயரின் கடைசியில் புள்ளி வைக்க மறந்தால் ‘மெயில்.உதாரணம்.இன்’ என்பது ‘மெயில்.உதாரணம்.இன்.உதாரணம்.இன்’ ஆகிவிடும். சீரியல் எண்ணைக் கூட்ட மறந்தால் துணைச் சர்வர்கள் பழைய நகலிலேயே நிற்கும்.

சீரியலைத் தவறாகக் கூட்டுவது மறப்பதைவிட மோசம். 2025121801 என்று எழுத வேண்டிய இடத்தில் 2205121801 என்று விழுந்துவிட்டால், பிறகு சரியான எண்ணைப் போட்டாலும் துணைச் சர்வர்கள் அதைப் பழையது என்று தள்ளிவிடும். வழி உண்டு. தவறான எண்ணோடு 2147483647 கூட்டுங்கள். 4294967295-ஐத் தாண்டினால் 4294967296 கழியுங்கள். இந்தக் கணக்கில் 57638152 வரும். அதைச் சீரியலாகப் போட்டு, எல்லாத் துணைச் சர்வரும் பெற்றுக்கொண்டதை டிக் வைத்து உறுதி செய்யுங்கள். பிறகு 2025121801 போட்டால் ஏற்கும்.

புதிதாகச் சேர்த்த பெயர் சிலருக்குத் தெரிகிறது, சிலருக்கு என்எக்ஸ்டொமைன் வருகிறது என்றால், சேர்க்கும் முன்பே யாரோ அதைக் கேட்டுவிட்டார்கள். “இல்லை” என்ற விடையும் கேஷில் தங்கும். எவ்வளவு நேரம் என்பதை எஸ்ஓஏவின் கடைசி எண் கட்டுப்படுத்துகிறது. ஒன்று முதல் மூன்று மணி நேரம் போதுமானது. பெயரைச் சேர்த்துவிட்டு முகவரியை அறிவியுங்கள், அறிவித்துவிட்டுச் சேர்க்காதீர்கள்.

கூட்ட நாள்கள்

ஐப்பசியில் கந்த சஷ்டி, மாசித் திருவிழா, வைகாசி விசாகம். சூரசம்ஹாரத்தன்று கடற்கரை கொள்ளாத கூட்டம் வரும். 2025 ஜூலை 7 குடமுழுக்கின்போதும் அப்படித்தான். விடுதியின் வைஃபையில் அன்று புழங்கும் கைபேசிகள் சாதாரண நாளைப்போலப் பல மடங்கு. வெளி இணைப்பும் அதே நேரம் திணறும். இந்த நாள்களுக்கென்றே ஒரு வசதி இருக்கிறது, 2020-இல் ஆர்எஃப்சி 8767 முறைப்படுத்தியது: மேலிடத்தை எட்ட முடியாதபோது, காலம் கடந்த கேஷ் விடையைக் குறுகிய ஆயுளோடு கொடுப்பது. பைண்ட்டில் ‘ஸ்டேல்-கேஷ்-எனேபிள்’, ‘ஸ்டேல்-ஆன்சர்-எனேபிள்’ இரண்டையும் ‘எஸ்’ ஆக்குங்கள். அன்பவுண்டில் ‘சர்வ்-எக்ஸ்பயர்டு’. பெரும்பாலான தளங்களின் முகவரி நேற்றிருந்ததே இன்றும் இருக்கும், ஆகவே பழைய விடையும் வேலை செய்யும். திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பே ‘ரிகர்சிவ்-கிளையன்ட்ஸ்’ எல்லையையும் உயர்த்துங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் சுமார் 20 கிலோபைட் நினைவகம் போகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். திருவிழா நாள்களில் அப்டேட் போடாதீர்கள்.

தமிழில் ஒரு பெயர்

.இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என மூன்று நாடுகளுக்குத் தமிழ் எழுத்திலேயே மேல்நிலைப் பெயர்கள் உண்டு. 2007 அக்டோபரில் ஐகான் பன்மொழிச் சோதனை நடத்தியபோது ‘உதாரணம்.பரிட்சை’ என்ற தமிழ் முகவரியும் வேர் மண்டலத்தில் ஏறியது. உங்கள் நிறுவனத்துக்குத் தமிழ்ப் பெயர் வாங்கினால் ஜோன் கோப்பில் தமிழ் எழுத்தை அப்படியே எழுதாதீர்கள். எக்ஸ்என் என்று தொடங்கி இரண்டு சிறுகோடு வரும் ப்யூனிகோடு வடிவத்தையே எழுத வேண்டும்.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு இரண்டாக இருக்கும் இடம் இது. ‘கௌரி’ என்பதை ஔகாரக் குறியோடும் அடிக்கலாம்; ஒற்றைக் கொம்பு போட்டு அடுத்து ளகரம் வைத்தும் அடித்துவிடலாம். திரையில் வேற்றுமை தெரியாது. ப்யூனிகோடில் அவை இரு வேறு பெயர்கள், ஒன்றுக்கு விடை வரும், மற்றதற்கு என்எக்ஸ்டொமைன். விளம்பரப் பலகையில் அச்சிட்ட முகவரி வேலை செய்யவில்லை என்று புகார் வந்தால் முதலில் இதைப் பாருங்கள். ஔகாரம் வரும் பெயரைத் தவிர்ப்பது நல்லது. தவிர்க்க முடியாவிட்டால் தமிழ்ப் பெயரோடு ஆங்கில எழுத்துப் பெயரையும் வாங்கி இரண்டையும் பலகையில் அச்சிடுங்கள். ‘திருச்செந்தூர்’ என்று ஒற்றோடு எழுதுவோரும் ஒற்றின்றி எழுதுவோரும் இருப்பதால், ஊர்ப் பெயரைச் சேர்ப்பவர்கள் இரண்டு வடிவத்தையும் வாங்க வேண்டிவரும்.

மாதாந்திர வேலை

பாதுகாப்புத் திருத்தங்களைத் தள்ளிப்போடக் கூடாது. 2008-இல் டான் கமின்ஸ்கி வெளிப்படுத்திய கேஷ் நஞ்சூட்டலுக்கும், 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட கீட்ராப் பலவீனத்துக்கும் மருந்து புதிய பதிப்புதான். முதலில் துணைச் சர்வரில் போட்டு, ஒரு நாள் பார்த்து, பிறகு முதன்மைச் சர்வரில் போடுங்கள். லாகுகளை 180 நாள் இந்தியாவுக்குள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே செர்ட்-இன் உத்தரவு. எனவே அளவு வரம்பும் சுழற்சியும் வைத்து, பழையவற்றைச் சுருக்கி வேறொரு டிஸ்க்குக்கு நகர்த்துங்கள். எல்லாச் சர்வரிலும் சீரியல் ஒன்றாக இருக்கிறதா, கையொப்பங்களுக்கு எத்தனை நாள் மிச்சம், கடிகாரம் எவ்வளவு விலகியிருக்கிறது என்ற மூன்றையும் வெளியூரிலிருந்து தினமும் பார்த்து மின்னஞ்சல் அனுப்பும் சிறு நிரல் ஒன்றை எழுதிவிட்டால், இந்த அத்தியாயத்தில் சொன்ன கோளாறுகளில் பலவற்றை அவை பயனரைத் தொடும் முன்பே பிடித்துவிடலாம்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்து, திருச்செந்தூரில் இருக்கும் முதன்மைச் சர்வரின் மின் இணைப்பைப் பிடுங்கிவிடுங்கள். திங்கள் மாலை வரை செருகாதீர்கள். அந்த நேரம் முழுக்க வெளியூர் நண்பர் ஒருவரை உங்கள் தளத்தையும் மின்னஞ்சலையும் பயன்படுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறதோ அதை மழைக்கு முன் சரிசெய்யுங்கள்.